பயந்த பிள்ளையைப் பெற்றவள்

கரியமாணிக்கத்தில் ஒரு பிள்ளை பயந்துகொண்டது என்றால், வைத்தியருக்கு ஆள் போகும் முன்னே ஆண்டாள் வீட்டுக்கு ஆள் வந்துவிடும். எந்த ஊரில் கயிறு கட்டினால் பலிக்கும், வேப்பிலை எத்தனை தடவை அடிக்க வேண்டும், மிளகாயைச் சுற்றி அடுப்பில் போட்டும் நெடி வராவிட்டால் என்ன அர்த்தம், எல்லாம் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். யாரும் அவளுக்கு இதையெல்லாம் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததில்லை. சொந்த மகளை வைத்துக் கற்றுக்கொண்டாள். இப்படி ஒரு கெட்டிக்காரத்தனம் எந்தத் தாய்க்கும் வேண்டாம்.

மகள் பேர் கோகிலம். வில்லியனூர் அம்மன் பேரை வைத்தது. ஆறு வருஷம் காத்திருந்து பெற்ற ஒரே பிள்ளை. போன வருஷம் பங்குனியில் ஊரில் இரணியன் கூத்து நடந்தது. இருசப்பன் நரசிம்ம வேஷம் கட்டிக் காகிதத் தூணைக் கிழித்துக்கொண்டு வெளியே பாய்ந்தபோது, ஆண்டாளின் மடியில் இருந்த கோகிலம் வீரிட்டுக் கத்தி, கைகால் விறைத்து, கண் மேலே செருகிச் சாய்ந்துவிட்டாள். அன்று போன தைரியம் திரும்பவில்லை. தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து நடுங்குவாள். கொல்லைப்புறத்துக்குக்கூட அம்மா துணை இல்லாமல் போக மாட்டாள். எட்டு வயசுப் பெண், பாயை நனைத்துவிட்டு விடியற்காலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்தக் கோலத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஆண்டாளுக்கு வயிறு பற்றி எரியும்.

எந்தச் சாமியையும் அவள் விட்டுவைக்கவில்லை. கோகிலாம்பாளுக்கு மாவிளக்கு, பள்ளிவாசலில் ஓதின தண்ணீர், மாதா கோயிலில் மெழுகுவத்தி என்று வில்லியனூரில் மூன்று மதத்துக்கும் வேலை கொடுத்தாள். கடைசியில் திருவாண்டார்கோயில் பக்கத்தில் மந்திரிக்கிற ஒருவர் பிள்ளையின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னொரு தரம் இதே மாதிரி பயந்தா உயிர் தாங்காது, பாத்துக்கோ" என்று சொல்லி அனுப்பினார். தட்சணை வாங்கிக்கொண்டு சொல்கிற பேச்சா அது? ஆனால் சொல்லிவிட்டார். அந்தச் சொல் ஆண்டாளின் அடிவயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது.

அன்றிலிருந்து அவள் பிள்ளை வளர்க்கவில்லை, காவல் காத்தாள். நாய் குரைத்தால் பாய்ந்து போய்ப் பிள்ளையைத் தூக்குவாள். இடி இடித்தால் அவள் தலையைத் தன் நெஞ்சோடு வைத்து அழுத்திக்கொள்வாள். அந்த நெஞ்சு உரலில் இடிக்கிற மாதிரி இடித்துக்கொண்டிருக்கும். கிணற்றுப் பக்கம் போகாதே, கரும்புக்கொல்லைப் பக்கம் போகாதே, வண்டி வருகிறது தள்ளி நில் என்று பகலுக்கு நூறு தடவை சொல்லுவாள். புருஷன் குழந்தைவேல் அதிகம் பேசாத மனுஷன். ஒரே ஒரு நாள், பிள்ளையைக் கொஞ்சம் அதன் போக்கில் விட்டுத்தான் பாரேன் என்று வாய் திறந்தான். அவள் பார்த்த பார்வையில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டான்.

இந்த நிலைமையில்தான் மாசி மாதம் அறுவடை முடிந்த வயலில் சினிமாக் கொட்டகை வந்து இறங்கியது. படம் இன்னும் வாய் திறந்து பேச ஆரம்பிக்காத காலம் அது. பிரெஞ்சுக்காரன் ஆட்சியில் ஊருக்குள் மின்சாரமும் இல்லை. மூன்று மாட்டுவண்டிகளில் கூடாரத்துணியும், படப்பெட்டியும், எண்ணெய் இன்ஜினும் வந்தன. முதலாளி பேர் மரியதாஸ். படத்தில் வாயசைக்கிறவர்களுக்கெல்லாம் திரைக்குப் பக்கத்தில் நின்று குரல் கொடுப்பவரும் அவரேதான். ராஜாவுக்கு ஒரு தொண்டை, ராஜகுமாரிக்கு ஒரு தொண்டை, குதிரைக்கு ஒரு தொண்டை.

தமுக்கு அடித்துத் தெருத்தெருவாகச் சொன்னார்கள். படத்தின் நாயகன் கறுப்புப் போர்வைக்காரன். முகத்தை மூடியிருப்பான். துப்பாக்கிக் குண்டு அவன் மேல் பட்டு உதிரும். இருபது ஆள் பலம். கோட்டை மதிலிலிருந்து குதித்தாலும் கால் சுளுக்காது. எளியவர்களுக்கு ஆபத்து என்றால் காற்று மாதிரி வந்து நிற்பான். இதைக் கேட்ட நாள் முதல் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சோறு இறங்கவில்லை.

பெரியவர்களுக்கும் இறங்கவில்லை, அது வேறு காரணத்தால். கூடலூர்ப் பக்கம் எங்கேயோ இந்தப் படத்தைப் பார்த்த ஒரு பிள்ளை காய்ச்சலில் விழுந்து பிதற்றியது என்று ஒரு பேச்சு கொட்டகைக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஊர்ப் பேச்சுக்கு விலாசம் எதற்கு? கொம்யூன் ஆபீசை மேரி என்பார்கள். மேரியில் கொடுத்த அனுமதிச் சீட்டில், சின்னப் பிள்ளைகளை விடலாமா கூடாதா என்பதை ஊரார் படத்தைப் பார்த்து முடிவு செய்துகொள்ளவும் என்று எழுதியிருந்தது.

ஆகவே மாரியம்மன் கோயில் வாசலில் ஊர் கூடியது. நடுவில் கண்ணையன். நெல்லும் கரும்புமாக நிலம் உள்ளவர், ஊர்ப் பெரியதனக்காரர், குழந்தைவேலுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். பள்ளிக்கூடத்து வாத்தியார் எழுந்து, நல்லவன் ஜெயிக்கிற கதைதான், தாராளமாகப் பார்க்கலாம் என்றார். அவர் சட்டைப்பையிலிருந்து மரியதாஸ் கொடுத்த ஓசி டிக்கெட் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததால் அந்தப் பேச்சு எடுபடவில்லை.

பிறகு இருசப்பன் எழுந்தார். கூத்தில் முகமூடி ஏற்றுகிறவன் பத்து நாள் விரதம் இருக்க வேண்டும். ஆடி முடித்ததும் எலுமிச்சம்பழம் அறுத்து, கற்பூரம் காட்டி, மூடியை இறக்க வேண்டும். இறக்காத வேஷம், பார்த்த பிள்ளைகள் மேல் போய் ஏறிக்கொள்ளும். இந்தச் சினிமாக்காரன் விரதம் இருந்தானா, மூடியை இறக்குகிறானா, யார் கண்டது? அவர் கேட்டது இவ்வளவுதான். கூத்துக்கு வருகிற கூட்டம் போய்விடும் என்ற வயிற்றெரிச்சல் என்று இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தப் பங்குனிக்குப் பிறகு அவர் நரசிம்ம வேஷத்தைத் தொடவே இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும். இருந்தாலும் சிரித்தார்கள்.

கண்ணையனின் மனைவி கனகாம்பாள் பெண்கள் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தாள். "ஆம்பளைங்க பாத்து இன்னா தெரியப் போவுது? ஆண்டாளப் பாக்கச் சொல்லுங்க. பயம்னா இன்னான்னு அவளுக்குத்தான் தெரியும். அவ சரின்னா எல்லாப் புள்ளைக்கும் சரி."

சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை மோந்து பார்த்துச் சொன்னால் தப்பிருக்காது என்று ஊரே தலையாட்டியது. ஆண்டாள் எழுந்துவிட்டாள். பார்க்கவே வேண்டாம், கூடாது என்று இப்போதே சொல்லிவிடுகிறேன் என்றாள். பார்க்காமல் தீர்ப்புச் சொன்னால் நாளைக்கு மேரியில் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று கண்ணையன் ஒப்புக்கொள்ளவில்லை. மறுநாள் மத்தியானம் அவளுக்கென்று தனியாகப் படம் போடுவது, துணைக்குக் கனகாம்பாள் உட்காருவது என்று பேசி முடித்தார்கள்.

மறுநாள் காலையில் ஊர்ப் பிள்ளைகளுக்குத் திடீரென்று நல்ல புத்தி வந்துவிட்டது. கேட்காமலே யாரோ ஆண்டாள் வீட்டுக் குடத்தில் தண்ணீர் நிரப்பி வைத்தார்கள். வாசல் பெருக்கியிருந்தது. ஒரு சின்னப் பெண் மடியில் ஐந்தாறு புளியங்காய் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டு ஓடினாள். ஆண்டாளுக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு பிள்ளைகளின் உயிரை என் தலையில் தூக்கி வைத்துவிட்டார்களே என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் சரி என்று சொல்லி, அதில் ஒன்று கோகிலம் மாதிரி கண் செருகி விழுந்தால்? அந்தத் தாய் என் வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றமாட்டாளா?

கோகிலம் லஞ்சம் எதுவும் கொண்டுவரவில்லை. சோறு தின்னும்போது ஒரே ஒரு தடவை, "அம்மா, நானும் வரட்டா?" என்றாள்.

ஆண்டாள் தட்டைத் தள்ளிவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள். அங்கே இருட்டு, மூச்சு முட்டும், கறுப்பாக ஒரு பூதம் வரும் என்று சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் குரல்தான் நடுங்கியது. பிள்ளை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, உதடு வெளுக்க, சரி வரவில்லை என்று தலையாட்டியது. குழந்தைவேலிடம், பிள்ளை வீட்டை விட்டு இறங்கக் கூடாது, கண்ணை எடுக்காதே என்று மூன்று தடவை சொல்லிவிட்டு ஆண்டாள் புறப்பட்டாள்.

கூடாரத்தில் வெளிச்சம் வருகிற ஓட்டைகளையெல்லாம் கோணியால் அடைத்திருந்தார்கள். நடுவில் ஒரு பெரிய வெள்ளைத்துணி. அதன் முன்னால் மணல் குவித்து உட்கார இடம். துணிக்குப் பின்னாலும் மணல் கொட்டியிருந்தது. அங்கே உட்கார்ந்தால் பாதிக் கட்டணம். படம் இடம் வலமாக மாறித் தெரியும், மற்றபடி குறை ஒன்றும் இல்லை. பின்பக்கத்தில் அன்றைக்கு யாரும் இல்லை என்றார் மரியதாஸ். கண்ணையன் வெளியே ஊராரோடு நின்றுகொண்டார். அவருக்குப் படம் பார்க்க ஆசைதான். பெரியதனம் தடுத்தது.

இன்ஜின் படபடவென்று அடித்தது. பின்னாலிருந்து ஒரு வெளிச்சம் தலைக்கு மேலே பாய்ந்து துணியில் விழுந்ததும் ஆண்டாள் கனகாம்பாளின் கையைப் பிடித்தாள். கடல் வந்தது, கப்பல் வந்தது, தொப்பி போட்ட துரைமார்கள் வந்து அவசர அவசரமாக நடந்தார்கள். மரியதாஸ் ஒவ்வொருவருக்காகவும் பேசினார். இதுவரைக்கும் சரி. பிறகு ராத்திரி, மதில், மதிலின் மேல் ஒரு உருவம். முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு. அந்தக் கறுப்பில் இரண்டு ஓட்டை.

"வந்துட்டான் பாருங்க, கறுப்புப் போர்வைக்காரன்" என்று மரியதாஸ் குரலை இறக்கினார்.

அந்த உருவம் மதிலிலிருந்து குதித்தபோது ஆண்டாள் பிடித்திருந்த கையை இன்னும் இறுக்கினாள். அவனைச் சுட்டார்கள், புகைக்குள்ளிருந்து எழுந்து வந்தான். ஒரு வண்டியை ஆளோடு தூக்கிக் கவிழ்த்தான். கனகாம்பாள் வெற்றிலை மெல்வதை மறந்து வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். போடு, இன்னொன்று போடு என்று முணுமுணுத்தாள். ஆண்டாள் எதையும் தன் கண்ணால் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் கோகிலத்தின் கண்ணால் பார்ப்பதாக நினைத்துக்கொண்டாள். இதோ இந்த இடத்தில் பிள்ளை நடுங்கும், இந்த இடத்தில் கையை உதறும், இந்த இடத்தில் கண் செருகும் என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே வந்தாள். இருசப்பன் சொன்ன மாதிரி அவன் மூடியை இறக்குவானா என்று காத்திருந்தாள். இறக்கவில்லை.

இரண்டாவது சுருளில் ஒரு சின்னப் பெண் வந்தாள். கோகிலம் வயசு இருக்கும். கெட்டவர்கள் அவளைக் கட்டி, கோட்டை உச்சியிலிருந்து ஒரு கயிற்றில் கீழே தொங்கவிட்டார்கள். கீழே ஆறு சுழித்து ஓடியது. கயிறு கல்லில் உரசிப் புரி புரியாக அறுந்தது. பெண்ணின் முகம் துணி முழுக்கப் பெரிதாக வந்து, வாயைத் திறந்து, சத்தமே இல்லாமல் அழுதது. மரியதாஸ் அதற்கும் குரல் கொடுத்தார். "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டார்.

அதற்கு மேல் ஆண்டாளால் முடியவில்லை. கனகாம்பாளின் கையை உதறிவிட்டு எழுந்தாள். எங்கேயாவது வெளியே போனால் போதும் என்று இருந்தது. இருட்டில் வழி தெரியவில்லை. துணியின் ஓரமாக ஒரு இடைவெளி தெரிந்தது, அதற்குள் புகுந்தாள். அது வெளியே போகிற வழி இல்லை, திரையின் பின்பக்கம்.

அங்கே மணலில் கோகிலம் உட்கார்ந்திருந்தாள்.

முட்டியைக் கட்டிக்கொண்டு, தலையை நிமிர்த்தி, துணியில் ஊறிவந்த வெளிச்சம் முகமெல்லாம் அடிக்க உட்கார்ந்திருந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள். கயிறு அறுகிற பக்கம் போர்வைக்காரன் ஓடிவருவதைப் பார்த்து உடம்பை முன்னுக்கு நீட்டி, இரண்டு கையையும் தட்டினாள். இந்த ஒரு வருஷத்தில் அப்படி ஒரு சிரிப்பை ஆண்டாள் அந்த முகத்தில் பார்த்ததில்லை.

பார்த்தும், பார்த்தது மனசுக்குள் போகவில்லை. என் பிள்ளை இங்கே, இதன் காலடியில், இன்னொரு தரம், உயிர் தாங்காது. அவ்வளவுதான் தெரிந்தது. ஆண்டாள் அலறினாள். கூடாரம் கிழிகிற மாதிரி ஒரு அலறல்.

அவள் கண் முன்னாலேயே அது நடந்தது. சிரித்த முகம் திரும்பியது. அம்மாவைப் பார்த்தது. அம்மாவின் திறந்த வாயைப் பார்த்தது. சிரிப்பு அப்படியே நின்று, உதடு வெளுத்து, கன்னம் இழுத்து, கைவிரல்கள் மடங்கின. பங்குனி மாதம் மடியில் நடந்தது ஒன்று விடாமல் மறுபடி நடந்தது. கண் மேலே செருகிற்று. பிள்ளை மணலில் சாய்ந்தது. தலைக்கு மேலே துணியில் போர்வைக்காரன் அறுந்த கயிற்றைப் பிடித்துவிட்டான். அதைப் பார்க்க ஆள் இல்லை.

ஆண்டாள் விழுந்து பிள்ளையை வாரி நெஞ்சோடு இறுக்கினாள். போயிற்று, சொன்னபடியே போயிற்று என்று அவள் வாய் அரற்றிக்கொண்டே இருந்தது. இறுக்க இறுக்கப் பிள்ளையின் உடம்பு கட்டையாக விறைத்தது. கனகாம்பாள் ஓடிவந்தாள். மரியதாஸ் படத்தை நிறுத்தச் சொல்லிக் கத்திக்கொண்டு லாந்தரோடு வந்தார். கனகாம்பாள் ஒரு வாளித் தண்ணீரைக் கண்டாள், அதிலிருந்து அள்ளிப் பிள்ளையின் முகத்தில் அடித்தாள். ஒன்றும் ஆகவில்லை.

"நீ வுடுடி" என்று ஆண்டாளின் கையைப் பிரித்தாள். "வுடுன்றன் இல்ல? மூச்சு வுட வழி வுடு." பிள்ளையைப் பிடுங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி முதுகைத் தடவினாள்.

கொஞ்ச நேரத்தில் விரல்கள் பிரிந்தன. கண் இறங்கியது. கோகிலம் ஒரு பெருமூச்சு விட்டு, கனகாம்பாளின் மடியில் எழுந்து உட்கார்ந்தாள். ஆண்டாள் கிட்டே நகர்ந்தாள். பிள்ளையின் தோள் தன்னாலே ஒடுங்கிக்கொண்டது. அதை ஆண்டாள் பார்த்துவிட்டாள். நகர்ந்தவள் அங்கேயே நின்றாள்.

"எப்பிடிடி வந்த?" என்றாள்.

"அப்பா தண்ணி திருப்பப் போச்சி. நான் கொல்லை வழியா வந்து கோணிக்கடியில பூந்துட்டன்."

"கரும்புக்கொல்லை வழியா? தனியாவா?" கொல்லைப்புறத்துக்குத் துணை கேட்கிற பிள்ளை. ஆள் உயரத்துக்கு மேல் கரும்பு நிற்கிற, பட்டப்பகலிலும் நரி ஓடுகிற வழி. "பயமா இல்லியா?"

கோகிலம் யோசித்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டால் சொல்கிற மாதிரித்தான் சொன்னாள்.

"நீதான் கூட இல்லியேமா."

கனகாம்பாள் வேறு பக்கம் பார்த்தாள். மரியதாஸ் லாந்தர் திரியைத் தூண்டினார், அது நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. ஆண்டாள் மணலில் உட்கார்ந்துவிட்டாள். பங்குனிக் கூத்தை இந்த ஒரு வருஷத்தில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்! தூண் ஆடியது, நரசிம்மம் பாய்ந்தது, பிள்ளை வீரிட்டது. ஒவ்வொரு தடவையும் இந்த வரிசைதான். இப்போது நினைத்துப் பார்த்தால் நடுவில் இன்னொன்று இருந்தது. தூண் ஆடும்போது மடியில் பிள்ளை குதித்துக்கொண்டிருந்தாள், எட்டி எட்டிப் பார்த்தாள். காகிதம் கிழிந்ததும் முதலில் கேட்ட அலறல் பிள்ளையுடையது இல்லை. யாருடையது என்று அவளுக்குத் தெரியும். தொண்டை இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

வெளியே ஊர் கூடி நின்றது. அலறல் அத்தனை பேருக்கும் கேட்டிருந்தது. தீர்ப்புக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை என்கிற முகத்தோடு கண்ணையன் நின்றார். பிள்ளைகள் ஒரு ஓரமாகத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பாவம், காலையில் இருந்து அவர்கள் செய்த நல்ல காரியமெல்லாம் வீண். இருசப்பன் கோகிலத்தைப் பார்த்ததும் இரண்டு அடி முன்னால் வந்து, பிள்ளைக்கு ஒன்றும் இல்லையே என்று கனகாம்பாளிடம் கேட்டார். கேட்கும்போது அவர் உதடு துடித்தது.

ஆண்டாளுக்கு வழி சுலபமாக இருந்தது. வாயைத் திறக்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். கொட்டகை நாளைக்கே வண்டி ஏறும். ஊர் அவளுக்காக இன்னும் இரக்கப்படும், இன்னும் நாலு பேர் கயிறு கட்ட வழி கேட்டு வருவார்கள். அவளுக்கு அதுதான் வேண்டும்போலவும் இருந்தது. கால் வீட்டுப் பக்கம் திரும்பியும் விட்டது. ஆனால் இருசப்பனின் உதட்டைப் பார்த்துவிட்டாள்.

"மாமா" என்றாள் கண்ணையனை. "படத்துல ஒண்ணும் இல்ல. புள்ளைங்கள வுடுங்க."

"பின்ன ஏம்மா அப்பிடிக் கத்துன?"

"நான் கத்துனதாலதான் எம் புள்ள பயந்துச்சி. அது சிரிச்சிக்கினுதான் இருந்துச்சி." இருசப்பனை ஒரு தரம் பார்த்தாள். "போன வருசமும் நாந்தான் கத்துனன். இருசப்பண்ணன் மேல ஒண்ணும் இல்ல."

இருசப்பன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு ஏதாவது கேட்டாக வேண்டும் என்று தோன்றியதோ என்னவோ, அந்தச் சினிமாக்காரன் மூடியை இறக்கினானா என்று கேட்டார். அதுவரைக்கும் நான் பார்க்கவில்லை அண்ணே என்றாள் ஆண்டாள். கடைசிச் சுருளில் இறக்கிவிடுவான், நான் பொறுப்பு என்று மரியதாஸ் கூடாரத்துக்குள்ளிருந்து குரல் கொடுத்தார்.

"என்னாட்டம் இருக்குறவங்கள உள்ள வுடாதீங்க மாமா. அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு ஆண்டாள் நடந்தாள். பின்னால் பிள்ளைகள் ஊளையிட்டுக் குதித்த சத்தம் அவளுக்கு எங்கேயோ கேட்கிற மாதிரி இருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு முதல் ஆட்டம். குழந்தைவேல் வேட்டி மாற்றிக்கொண்டு வந்து நின்றான். பிள்ளையைத் தனியாக விட்டதற்கு வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக வந்தவனை ஆண்டாள் ஒன்றும் சொல்லவில்லை. கோகிலத்துக்குத் தலை வாரிப் பூ வைத்து அவனோடு அனுப்பினாள். வாசற்படி வரைக்கும்தான் வருவதாக இருந்தது. தெருமுனை வரைக்கும் வந்தாள். பிறகு கூடாரம் வரைக்கும் வந்தாள். அப்பா தோளில் ஏறி உள்ளே போகும்போது கோகிலம் திரும்பிப் பார்த்து, "நீ இங்கியே இரும்மா" என்றாள். ஆண்டாள் தலையாட்டினாள்.

உள்ளே இன்ஜின் அடித்தது. கடல் வருகிறது, கப்பல் வருகிறது என்று மரியதாஸின் தொண்டையை வைத்தே அவளால் சொல்ல முடிந்தது. மதில் வந்தபோது பிள்ளைகள் ஓவென்று கூவினார்கள். மந்திரிக்கிறவர் சொன்னது அவள் வயிற்றை விட்டுப் போய்விடவில்லை. மத்தியானம் ஒரு தரம் பிழைத்தது, இன்னொரு தரம்? நான் கத்தாமலே அதுவாகப் பயந்துவிட்டால்? நான் நினைத்தது தப்பாக இருந்தால்? ஊரார் முன்னால் பெரிய இவள் மாதிரி சொல்லிவிட்டு வந்தேனே. இடம் பார்த்துக் காலை மாற்றி மாற்றி வைத்தாள்.

அப்புறம் மரியதாஸ் "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டார். கயிறு அறுகிறது. உள்ளே நூறு பிள்ளைகள் ஒரே தொண்டையாக அலறினார்கள். அந்த நூற்றில் ஒன்று கோகிலம். அந்தக் குரல் அவளுக்குத் தனியாகக் கேட்டது, தாய்க்குக் கேட்காதா? ஆனால் அது பயத்தில் வந்ததா, குஷியில் வந்ததா என்றுதான் தெரியவில்லை. எட்டு வருஷமாகப் பெற்று வளர்த்தும் அது தெரியவில்லை. ஓடிப்போய் வாசல் துணியைப் பிடித்துவிட்டாள். கொஞ்சம் தூக்கினால் போதும், ஒரே ஒரு பார்வை, பிள்ளையின் முகம் சிரிக்கிறதா, வெளுத்திருக்கிறதா என்று மட்டும். உள்ளே அலறல் இன்னும் அடங்கவில்லை. ஆண்டாள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கை துணியின் மேலேயே இருந்தது. தூக்கவில்லை.